சின்னம் இரண்டு, பம்ப் ஒன்று: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் சொந்தமாகக் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன். எந்தக் கம்பெனியின் பலகையும் என் வாசலில் கிடையாது. வாரன்டி முடிந்த வண்டி, இரண்டு மூன்று கை மாறிய வண்டி, ஷோரூம் எஸ்டிமேட்டைப் பார்த்து மிரண்டு ஓடிவந்த வண்டி, இவைதாம் எனக்குப் பிழைப்பு. இந்த இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கக்கூடியவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

டொயோட்டா கிளான்சாவும் மாருதி சுசூகி பலேனோவும் ஒரே கார். பானட்டைத் தூக்கிப் பார்த்த யாரும் இதை மறுக்கமாட்டார்கள். அந்த இரண்டு நிறுவனங்களும் மறுத்ததில்லை. ஆனால் புகாரை எண்ணும்போதும், ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அறிவிக்கும்போதும், பாதுகாப்புக்கு ஸ்டார் ரேட்டிங் கொடுக்கும்போதும் அவை முன்பின் அறிமுகமில்லாத இரண்டு கார்களாகிவிடுகின்றன. பழுதுக்கு அந்த வேறுபாடு கிடையாது. பெட்ரோல் டேங்குக்குள் முங்கிக் கிடக்கும் பம்ப், கிரில்லில் எந்த லோகோ இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கெட்டுப்போவதில்லை.

என் கோரிக்கை இதுதான்: பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எல்லாக் கணக்கிலும் ரீபேட்ஜ் காரையும், அதாவது ஒரு கம்பெனியின் காரை இன்னொரு கம்பெனி தன் லோகோ போட்டு விற்பதையும், அதன் மூலக் காரையும் ஒன்றாக எண்ணுங்கள், அந்த உறவை ஆர்.சி.யிலேயே எழுதுங்கள்.

ரீபேட்ஜ் செய்வதே ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. என்னிடம் வருபவர்களில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். “டொயோட்டான்னு நம்பி வாங்கினேன் அண்ணே, உள்ள பார்த்தா எல்லா பார்ட்டும் மாருதி” என்று முகம் தொங்கிப்போய் நிற்பார்கள். மாருதியாக இருந்தால் என்ன தம்பி கெட்டுப்போச்சு, பார்ட் மலிவாகக் கிடைக்குமே என்பேன். சமாதானம் ஆகமாட்டார்கள். உண்மையில் இந்த ஏற்பாட்டால் வாங்குபவருக்கு லாபமும் இருந்தது. டொயோட்டாவும் சுசூகியும் ஒருவர் காரை மற்றவர் விற்பது என்று 2018 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டன. அதன் முதல் பலனாக 2019 ஜூன் 6 அன்று கிளான்சா வந்தது. தொடக்க விலை ஷோரூமில் 7.22 லட்சம் ரூபாய். அந்த விலைக்குக் கிடைத்த கிளான்சாவில் டூயல்ஜெட் இன்ஜினும் மைல்டு ஹைபிரிட் அமைப்பும் இருந்தன. அதே இன்ஜினோடு அன்றைக்கு வந்த பலேனோவின் விலை இதைவிட அதிகம். வாரன்டியிலும் கிளான்சாதான் மேல்: டொயோட்டா 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் தந்தது, மாருதி 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரில் நின்றது. மாருதி தன் வண்டிகளுக்கும் 3 ஆண்டு, 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது 2024 ஜூலையில்தான். ஒரே காரைக் குறைந்த விலைக்கும் கூடுதல் வாரன்டிக்கும் இன்னொரு கடையில் வாங்க முடிந்ததென்றால் அதை யார் வேண்டாம் என்பார்கள்?

கம்பெனிகளின் கணக்கும் புரியாதது இல்லை. 2011இல் வந்த எட்டியோஸ் லிவா, டொயோட்டா எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது எட்டியோஸ் குடும்பமே கடையைக் கட்டியது. இந்திய விலைக்கு ஒரு சின்னக் காரைப் புதிதாக உருவாக்குவது பல ஆண்டு வேலை, பெரும் பணம். பக்கத்து வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார் தயாராக இருக்கும்போது கிரில்லையும் லோகோவையும் மாற்றி விற்பது வியாபாரப் புத்தி. முதல் கிளான்சாவில் அவர்கள் மாற்றியது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அலாய் வீல்கூட பலேனோவுடையது. 2022இல் வந்த புதிய கிளான்சாவுக்கு முன் பம்பர், கிரில், அலாய், சீட் நிறம் எல்லாம் தனியாகக் கொடுத்தார்கள். தகரத்துக்கு அடியில் மாற்றம் இல்லை.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ஒரகடத்து ரெனோ-நிஸான் ஆலையில் நிஸான் மைக்ரா தயாராகிக்கொண்டிருந்தபோதே, முகத்தை மட்டும் மாற்றி 2012 ஜனவரியில் ரெனோ பல்ஸ் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நிஸான் சன்னி ரெனோ ஸ்காலா ஆனது. இதில் ஒரு வேடிக்கை, டீசல் மைக்ராவின் 1.5 லிட்டர் இன்ஜின் ரெனோவுடையது. ஆக ரெனோ இன்ஜின் போட்ட நிஸான் காரை, ரெனோ என்று பெயர் மாற்றி ரெனோவே விற்றது! அந்த வண்டிகளில் கை வைத்த மெக்கானிக்குகளுக்கு எந்தப் பாகத்துக்கு எந்தக் கடைக்குப் போவது என்று மனப்பாடம்.

அமெரிக்காவில் இதற்கு முன்பே பெரிய உதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984இல் தொடங்கிய ஆலையில், ஒரே லைனில் டொயோட்டா கரோலாவும் ஜியோ பிரிஸமும் இறங்கின. ஒரே கார். ஆனாலும் ஜனங்கள் கரோலாவுக்குத்தான் கூடுதல் பணம் கொடுத்தார்கள்; ரீசேலிலும் பிரிஸம்தான் அதிகம் இறங்கியது. லோகோவுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வாங்குபவரின் இஷ்டம். அதில் அரசு தலையிட வேண்டியதில்லை.

தலையிட வேண்டிய இடம் வேறு. 2020 ஜூலையில் மாருதி ஒரு பெரிய ரீகால் அறிவித்தது. ஃபியூயல் பம்பில் கோளாறு இருக்கலாம் என்று வேகன்ஆரும் பலேனோவுமாக மொத்தம் 1,34,885 வண்டிகள். அதில் பலேனோ மட்டும் 78,222. அவை 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை தயாரானவை. அந்த அறிவிப்பில் கிளான்சா இல்லை. இருக்கவும் முடியாது, அது மாருதி விற்ற வண்டி இல்லையே. டொயோட்டா தன் தரப்பில் தனியாக அறிவிப்பு விட்டது: 2019 ஏப்ரல் 2 முதல் அக்டோபர் 6 வரை தயாரான சுமார் 6,500 கிளான்சா.

பிறகு 2023 ஜனவரி. ஏர்பேக் கன்ட்ரோலரில் சந்தேகம். மாருதி ஆறு மாடல்களில் 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் பலேனோவும் உண்டு, கிராண்ட் விட்டாராவும் உண்டு. பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள் என்று எச்சரித்தார்கள். டொயோட்டா தன் பங்குக்கு 1,390 கிளான்சா, ஹைரைடர் (கிராண்ட் விட்டாராவின் ஜோடி) வண்டிகளை அழைத்தது. 2024 மார்ச்சில் மறுபடியும் 2019ஆம் ஆண்டுப் பலேனோக்கள், மறுபடியும் ஃபியூயல் பம்ப் மோட்டார்: 11,851 பலேனோ, கூடவே 4,190 வேகன்ஆர். ஓடும்போது இன்ஜின் அணைந்துபோகலாம், ஸ்டார்ட் ஆகாமல் படுத்தலாம் என்றார்கள். அதைத் தொடர்ந்து 2,305 கிளான்சா.

மூன்று முறையும் இரண்டு நிறுவனங்களும் தாமாக முன்வந்துதான் அறிவித்தன. அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். கார் தயாரிப்பாளர் சங்கமான சியாம் 2012இல் கொண்டுவந்த தன்னார்வ ரீகால் நெறிமுறைப்படி நடந்தார்கள். ஆனால் முன்வந்ததால்தான் நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஒருவர் அறிவித்து மற்றவர் அறிவிக்காமல் இருந்திருந்தால்? அல்லது ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தால்? அப்போது சட்டம் என்ன செய்திருக்கும் என்ற கேள்விதான் என்னை உட்கார்ந்து சட்டத்தைப் படிக்கவைத்தது. கிரீஸ் படிந்த விரலால் சட்டப்பிரிவு புரட்டுவது எங்கள் வேலை இல்லை. இருந்தாலும் படித்தேன்.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு உங்களுக்கு ரீகால் அதிகாரம் தருகிறது. குறிப்பிட்ட விழுக்காட்டு உரிமையாளர்கள் ஒரே குறையைப் புகார் செய்தாலோ, சோதனை நிறுவனம் போன்ற வேறு வழியில் தகவல் வந்தாலோ, அந்த ரக வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள், ஆண்டு விற்பனை எவ்வளவு, அதற்கு எத்தனை புகார் சேர்ந்தால் விசாரணை என்று எல்லை வகுத்திருக்கின்றன. உத்தரவை மீறி நடந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ரீகால் என்றாலே கம்பெனிகளின் கருணை என்றிருந்த நாட்டில் இது வந்ததே பெரிது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு மாடலுக்கு ஆயிரம் புகார் வந்தால் விசாரணை என்று வைத்துக்கொள்வோம். ஒரே பிரேக் பாகத்தில் குறை. பலேனோக்காரர்கள் 700 பேர், கிளான்சாக்காரர்கள் 400 பேர் புகார் செய்கிறார்கள். பாதிக்கப்பட்ட கார் 1,100. தனித்தனியாக எண்ணினால் இரண்டுமே எல்லையை எட்டாது. ஒரே பெயரில் விற்றிருந்தால் விசாரணைக்கு வந்திருக்கும் குறை, இரண்டு பெயரில் விற்றதால் தப்பித்துவிடும். எந்தக் கம்பெனியும் இதற்காகத் திட்டம் போட்டு ரீபேட்ஜ் செய்கிறது என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அது அபாண்டம். யாரும் திட்டமிடாமலே ஓட்டை விழுந்திருக்கிறது. அதே மாடலை மூன்றாவதாக ஒரு கம்பெனியும் வாங்கி விற்றால் ஓட்டை இன்னும் பெரிதாகும்.

அதே பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது. குறை ஒரு பாகத்தில் என்றால், அந்தப் பாகம் பொருத்திய எல்லா வண்டிகளையும், அவை எந்த ரகமாக இருந்தாலும், திரும்பப் பெறும்படி ஓர் உற்பத்தியாளருக்கு உத்தரவிடலாம். படித்தபோது, அடடா, நமக்கு வேண்டியது இதிலேயே இருக்கிறதே என்று தோன்றியது. மறுபடி படித்தால் அது ஓர் உற்பத்தியாளரோடு நின்றுவிடுகிறது. பலேனோவுக்கும் வேகன்ஆருக்கும் ஒரே பம்ப் என்றால் இந்த வாசகம் போதும். பலேனோவுக்கும் கிளான்சாவுக்கும் என்றால் யாருக்கு உத்தரவு போடுவீர்கள்? செய்தவருக்கா, விற்றவருக்கா? இது ஒருவழிப் பாதையும் இல்லை. கிராண்ட் விட்டாரா 2022இல் டொயோட்டாவின் பிடதி ஆலையில் இருந்துதான் மாருதி ஷோரூமுக்குப் போனது. இன்விக்டோ என்று மாருதி 2023இல் கொண்டுவந்தது டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ். செய்பவரும் விற்பவரும் மாறி மாறி வருகிறார்கள்.

பழைய காலத்தில் இந்தக் குழப்பம் எழ வழியில்லை. அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ஃப் ஹெரால்டு. பிரீமியர் பத்மினி, ஃபியட். எல்லாமே இன்னொருவர் வரைந்த கார்கள்தாம். ஆனால் இந்தியச் சந்தையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரத்தில் ஒரு கம்பெனிதான் பொறுப்பு. குறை என்றால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதில் சந்தேகமே வந்ததில்லை.

இனி ரீகால் வந்த பிறகு நடப்பது. இங்கேதான் எனக்கு ஆற்றாமை அதிகம். ரீகால் தகவல் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கும் போன் நம்பருக்குப் போகிறது. வண்டி கைமாறியிருந்தால் அந்த நம்பர் முதல் உரிமையாளருடையது. அவர் வண்டியை விற்றுவிட்டு வேறு கார் வாங்கி நிம்மதியாக இருக்கிறார். மெசேஜைப் பார்த்தாலும் அழித்துவிடுவார். இரண்டாவதாக வாங்கியவர் பெரும்பாலும் ஷோரூம் பக்கமே போகாதவர், என் போன்றவர்களிடம் வருகிறவர். எல்லாக் காருக்கும் இருக்கிற பிரச்சினைதான் இது. ரீபேட்ஜ் காரில் இரட்டிப்பாகிறது, எப்படியென்றால், செய்தித்தாளில் “பலேனோ திரும்ப அழைப்பு” என்று பெரிதாக வரும். கிளான்சா வைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டு, நம்முடையது டொயோட்டா ஆச்சே என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். டொயோட்டாவின் எண்ணிக்கை சிறியது, அந்தச் செய்தி மூலையில் நாலு வரி வரும், வராமலும் போகும்.

நாட்டின் வண்டிப் பதிவுகள் எல்லாம் இருக்கும் ‘வாகன்’ தரவுத்தளம் உங்கள் கையில் இருக்கிறது. இன்றைய உரிமையாளர் யார் என்று கம்பெனியைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, சலான் எல்லாம் அதே வண்டி எண்ணோடு கோத்துக் கிடக்கின்றன. டிராஃபிக் சலான் எத்தனை வேகமாக எங்கள் போனுக்கு வந்து சேர்கிறது! அதே வழியாக ரீகால் தகவலும் வரட்டும். ரீகால் வேலை பாக்கியிருக்கும் வண்டிக்கு உரிமை மாற்றம் செய்யும்போது, வாங்குபவருக்கு அது திரையில் தெரியட்டும். மாற்றத்தை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை, தெரிந்து வாங்கட்டும் என்கிறேன்.

இன்னொன்று. மாருதி சர்வீஸ் சென்டர் ஏறக்குறைய எல்லாத் தாலுகாவுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. டொயோட்டாவுக்கு அந்த விரிவு இல்லை. ரீகால் வந்த கிளான்சாவை, ஓட்டுவதற்கே தயங்க வேண்டிய கிளான்சாவை, பக்கத்தில் இருக்கும் மாருதி பட்டறையைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பம்ப் ஒன்றுதான். மாற்றத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. செலவைக் கம்பெனிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். முழுக் காரையே ஒருவருக்கொருவர் பில் போட்டு விற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு பம்புக்கு பில் போடத் தெரியாதா? வாரன்டி வேலையை இப்படிப் பொதுவாக்கச் சொல்லவில்லை, அது வியாபாரம். பாதுகாப்பு ரீகாலுக்கு மட்டும் கேட்கிறேன்.

ஸ்டார் ரேட்டிங் பற்றிச் சுருக்கமாக. 2023 அக்டோபர் 1 முதல், காரை இடித்துப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் நடக்கிறது, நல்ல முயற்சி. ஒரு மாடலை இடித்துப் பார்த்த முடிவு அதன் உடன்பிறப்புக்கும் பொருந்துமா பொருந்தாதா என்பதையும் அந்த அறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும் என்று போடவும் கூடாது, ஏனென்றால் உடல் ஒன்றாக இருந்தாலும் எந்த வேரியன்டுக்கு எத்தனை ஏர்பேக் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கலாம். இதே மாதிரி சோதனை செய்யும் சர்வதேச அமைப்பான குளோபல் என்கேப்பில் மாருதியின் விட்டாரா பிரெஸ்ஸா 4 ஸ்டார் வாங்கியது. பின்னால் அதன் ரீபேட்ஜான டொயோட்டா அர்பன் க்ரூசரைத் தனியாக இடித்தார்கள், அதற்கும் 4 ஸ்டார். தெரிந்த விடைக்காக இரண்டு காரை நொறுக்கியதற்குப் பதில், எது பொது, எது வேறு என்று ஒரு அட்டவணை போட்டிருந்தால் வாங்குபவருக்கு அதிகப் பயன்.

அர்பன் க்ரூசர் என்றதும் உதிரி பாகக் கடை நினைவுக்கு வருகிறது. 2020 செப்டம்பரில் விட்டாரா பிரெஸ்ஸாவைப் பெயர் மாற்றி அர்பன் க்ரூசர் என்று விற்றார்கள். இரண்டே வருடத்தில், 2022இல், அது நின்றுபோனது. அதே ஆண்டு அர்பன் க்ரூசர் ஹைரைடர் வந்தது, அதன் ஜோடி கிராண்ட் விட்டாரா. 2024 ஏப்ரலில் அர்பன் க்ரூசர் டைசர், அதன் ஜோடி ஃபிராங்க்ஸ். பெயர் ஒன்று, அடியில் மூன்று வேறு வேறு கார். கஸ்டமர் போனில் “அர்பன் க்ரூசருக்கு பிரேக் பேட் வேணும்” என்றால் கடைக்காரர் தலையைச் சொறிவார். சேஸிஸ் நம்பர் கேட்டு, போட்டோ அனுப்பச் சொல்லி, கடைசியில் தவறான பெட்டி வந்து, அதைத் திருப்பி அனுப்பி, வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆர்.சி.யில் மூல மாடல் என்று ஒரு வரி இருந்தால் இந்தக் கூத்து நடக்காது.

பெயர் நின்றுபோன கார்களின் கதி இன்னும் மோசம். ரெனோ பல்ஸ் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. மைக்ராவும் சன்னியும் 2020இல் பிஎஸ்6 வந்தபோது இந்தியாவில் முடிந்தன. மெக்கானிக்குகள் சமாளித்துவிடுவோம், பல்ஸுக்கு மைக்ரா பாகத்தைப் போடுவோம், டீசல் இன்ஜின் என்றால் ரெனோ டஸ்டருக்கு வரும் சாமான்களில் பொருந்துவதைத் தேடுவோம். எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்ற அறிவு எங்கள் பக்கத்தில் தலைக்குள்ளும் வாட்ஸ்அப் குரூப்களிலும் மட்டும் இருக்கிறது. அதே விவரம் கம்பெனியின் கம்ப்யூட்டரில் சுத்தமாக, பார்ட் நம்பரோடு இருக்கிறது. கேட்டால் தரமாட்டார்கள். ஒரே பாகம் இரண்டு கம்பெனிப் பெட்டியில் இரண்டு விலைக்கு வருவதையும் பார்க்கிறோம். பெயர் சொல்லிச் சண்டை பிடிக்க விரும்பவில்லை, கவுன்டரில் நிற்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுக்காமல் கட்டிவைத்ததற்காகத்தான் 2014 ஆகஸ்ட்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு தளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் சேர்த்தி. அந்தத் தளத்தில் ரீபேட்ஜ் ஜோடிகளின் பொதுப் பாகப் பட்டியலை வெளியிடச் சொல்லுங்கள். இரண்டு அமைச்சகம் சம்பந்தப்பட்டது என்பீர்கள். ஒரே காரை இரண்டு கம்பெனி பேசி விற்க முடிகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிரேக் பேட் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் ஒருவர், பொட்டலம் கட்டியவர் இன்னொருவர் என்றால் இருவர் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமானுக்கு இந்த ஒழுங்கு. எட்டு லட்சம் ரூபாய்க் காரின் விலைப்பட்டியலில், விளம்பரத்தில், ஆர்.சி.யில், இதை உருவாக்கியவர் இன்னார் என்று ஒரு வரி கிடையாது.

கம்பெனிகள் என்ன சொல்லும் என்று தெரியும். பிராண்டின் மதிப்பு பாதிக்கும் என்பார்கள். ஊரில் ஆட்டோ ஓட்டும் பையனுக்குக்கூட கிளான்சா பலேனோதான் என்று தெரியும். மறைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எழுதாமல் விடுவதால் பாதிக்கப்படுவது ஊர் பேச்சு எட்டாத ஆள்தான்: முதல் முறையாகக் கார் வாங்கும் ரிட்டையர்டு வாத்தியார், வெளியூரில் இருந்துகொண்டு அப்பாவுக்குப் பழைய வண்டி பார்க்கும் மகள். வியாபார ரகசியம் என்றும் சொல்வார்கள். யார் யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பது ரகசியமாகவே இருக்கட்டும், நான் கேட்கவில்லை. எந்த வண்டியில் எந்த பம்ப் இருக்கிறது என்பதில் ரகசியம் என்ன வேண்டியிருக்கிறது? எங்கள் கார் முற்றிலும் ஒன்றல்ல, சஸ்பென்ஷன் டியூனிங் வேறு, சாஃப்ட்வேர் வேறு என்று வாதம் வந்தால் அது நியாயமான வாதம். அப்படியானால் எது வேறு என்று எழுதிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுக்காத எல்லாமும் பொது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இது பெரிய வேலையும் இல்லை. சந்தைக்கு வரும் ஒவ்வொரு மாடலும் மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி ஏற்கெனவே புனேயிலோ மானேசரிலோ நம்ம ஒரகடத்திலோ சோதனை நிறுவனத்தின் வாசலைத் தாண்டித்தான் வருகிறது. அந்தக் கோப்பிலேயே “இது வேறொரு அங்கீகரிக்கப்பட்ட மாடலின் அடிப்படையில் ஆனதா, எது?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். பதில் அங்கிருந்து வாகனுக்குப் போகும், வாகனில் இருந்து ஆர்.சி.க்கும் புகார்த் தளத்துக்கும் போகும். 110ஏ பிரிவின் கீழ் விதிகள் எழுதும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. புகார் எண்ணும்போது ஜோடி மாடல்களைச் சேர்த்து எண்ணலாம் என்று ஒரு விளக்கம் போட நாடாளுமன்றம் வரை போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வக்கீல்கள் வேறு மாதிரி சொன்னால் திருத்தம் கொண்டுவாருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ரீகால் விதிகள் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். 2019இல் தயாரான முதல் கிளான்சாக்களும், அதே பம்போடு வந்த பலேனோக்களும் 2026இல் ஒவ்வொன்றாக அந்த எல்லையைத் தாண்டுகின்றன. இரண்டு முறை ரீகால் கண்டது இந்த 2019ஆம் ஆண்டுத் தயாரிப்புதான். அவற்றில் பல இன்று இரண்டாம் உரிமையாளர் கையில். பம்ப் மாற்றப்பட்டதா இல்லையா என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேஸிஸ் நம்பர் வாரியாக, ரீகால் வேலை முடிந்தது எது, பாக்கி எது என்று இரண்டு நிறுவனங்களிடமும் பட்டியல் கேட்டு வாங்குங்கள். வாகனோடு ஒப்பிட்டு, பாக்கி உள்ளவர்களுக்கு அவரவர் மொழியில் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். விதித் திருத்தம் வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கடிதம் போதும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டில் இருந்து ஒரு ஒர்க்‌ஷாப்காரர்